கடைசி எண்

“கடைசி நம்பர் மூணா, எட்டா? நல்லாப் பெரிசாக்கிப் பாருப்பா!”

ஈப்போவில் ஒரு கோப்பிக் கடை மேசையின் மீது சாய்ந்துகொண்டு, எல்லாரும் ‘தவுக்கே’ என்று அழைக்கும் சைக்கிள் கடை முதலாளி லியோங் குவோக் வா அவசரப்படுத்தினார். எதிரே அமர்ந்திருந்த பக்கத்துக் கடைத் தையல்காரர் காத்தமுத்து, கைப்பேசித் திரையை இரண்டு விரல்களால் விரித்துப் பார்த்தார்.

தாப்பாவுக்கு அருகே, கோலாலம்பூர்–ஈப்போ நெடுஞ்சாலையில், லாரியின் அடியில் புகுந்து நசுங்கிய ஒரு வெள்ளைக் காரின் படம் அது. ‘நாலு நம்பர் நண்பர்கள்’ என்ற முகநூல் குழுவில் யாரோ அரை மணி நேரத்திற்கு முன் பதிவேற்றியிருந்தார். அதற்குள் அறுநூறு பேர் கருத்து எழுதிவிட்டனர். விபத்துக்குள்ளான வண்டியின் எண்ணில் அன்றைய குலுக்கலுக்குப் பணம் கட்டினால் பரிசு விழும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. குவோக் வா இருபது ஆண்டுகளாக ஒரு விபத்தையும் தவறவிட்டதில்லை.

“அஞ்சு, ஒண்ணு, ஏழு தெளிவாத் தெரியுது தவுக்கே. கடைசியிலதான் தகடு மடங்கிப்போச்சு. ரெண்டுலயும் கட்டிடுங்களேன்.”

“நான் என்ன மடையனா? குழுவுல கேளு லா.”

காத்தமுத்து கேட்டார், காத்திருந்தார்.

“யாருக்கும் தெரியலையாம். ஒருத்தன் மட்டும், ‘உள்ளே இருந்தவங்க பிழைச்சாங்களா’ன்னு கேட்டிருக்கான்.”

“அவன் எதுக்கு இந்தக் குழுவுல இருக்கான்? தள்ளிவிடு.”

காத்தமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். “முடிவெட்டு, புதுச் சட்டை... பரிசு அடிச்சிட்ட மாதிரியே வந்திருக்கீங்க!”

குவோக் வா காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். “ஹுய் மின் வர்றா. அஞ்சரை மணி பஸ்.”

காத்தமுத்துவின் சிரிப்பு நின்றது. தம் சைக்கிள் கடையைப் பார்த்துக்கொள்ள மறுத்து, கோலாலம்பூருக்கு வேலைக்குப் புறப்பட்ட ஒரே மகளை, “இனி இந்த வாசலை மிதிக்காதே” என்று விரட்டியவர் குவோக் வா. இரண்டு ஆண்டுகளாகத் தந்தையும் மகளும் ஒரு சொல்கூடப் பேசியதில்லை.

“பாத்ததும் என்ன சொல்லப்போறீங்க?”

“‘சாப்பிட்டியா’ன்னு கேப்பேன். காலையிலேருந்து சொல்லிப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“மன்னிப்புக் கேக்கலாமே?”

“உன் தையலைப் பாரு.” சற்றுப் பொறுத்துச் சொன்னார்: “கேப்பேன். சோறு தின்ன பிறகு கேப்பேன்.”

கைப்பேசி ஒலித்தது. படம் போட்டவரே பதில் எழுதியிருந்தார்: எட்டு.

குவோக் வா கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எதிர்ச்சாரியில் இருந்த நம்பர் கடைக்கு ஓடினார். நீண்ட வரிசை. அவருடைய முறை வந்து எண்ணைச் சொன்னதும் முகப்பில் இருந்த பெண் சிரித்தாள்.

“எல்லாரும் இன்னைக்கு இதே நம்பர்தான் அங்கிள்.”

“எட்டுல முடியுது இல்ல? அஞ்சு வெள்ளிக்குப் போடும்மா.”

சீட்டைக் கையில் வாங்கும்போது மனைவி மெய் ஃபோங் அழைத்தாள்.

“எங்கே இருக்கீங்க? நம்பர் கடையா? நல்லதாப் போச்சு. பஸ் நிலையத்துக்குப் போகாதீங்க.”

“ஏன்?” அவருடைய குரல் தணிந்தது. “வரலையா அவ?”

“வர்றா, வர்றா! உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னா, எனக்குத்தான் வாய் நிக்கலை. பஸ்ஸுன்னு சொன்னது பொய். நேத்துப் புதுக் கார் எடுத்திருக்கா. தானே ஓட்டிக்கிட்டு வர்றா. அப்பாவை ஏத்திக்கிட்டு ஈப்போ முழுக்கச் சுத்தணுமாம்!”

குவோக் வா சுவரின் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“புதுக் கார் நம்பருக்குக் கட்டாம விடுவீங்களா? புறப்படும்போது எனக்கு அனுப்பினா. எழுதிக்குங்க.”

முகப்புப் பெண்ணிடம் பேனாவை வாங்கினார். “சொல்லு, சொல்லு.”

“உங்களுக்குப் பிடிக்கும்னு எட்டுல முடியிறதாக் கேட்டு வாங்கியிருக்கா. அஞ்சு... ஒண்ணு... ஏழு...”

பேனா நகரவில்லை. அவர் எழுதிக்கொள்ள வேண்டிய எண், அவருடைய கையிலிருந்த சீட்டில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.