வாய்க்குள் வளர்ந்தவை

பவளக்கொடியின் மீன்குளத்தில், மாதம் ஒருமுறை நீரைச் சோதிக்கும் கம்பெனிக் கருவியின் சங்கு அலறியது. உள்ளே பெண் மீன் இருக்கிறது என்று அர்த்தம்.

கம்பெனி விற்பது ஆண் ஜிலேபிக் குஞ்சுகள் மட்டுமே. ஊரே ஆண்டுதோறும் அவர்களிடம்தான் வாங்கியாக வேண்டும். அவற்றில் ஒன்று எப்படியோ பெண்ணாகிவிட்டது.

விரைந்து வந்த கம்பெனி அதிகாரி அதைப் பிடித்து வாயைப் பிளந்து பார்த்தார். ஜிலேபி மீன் வாய்க்குள்தான் குஞ்சு பொரிக்கும். வாய் காலியாக இருந்தது.

"உன் லைசென்ஸ் தப்பிச்சுதும்மா" என்று மீனோடு கிளம்பினார்.

கணவன் தலையில் கைவைத்தான். "கிடைச்சது ஒரே ஒரு பொட்டை. அதையும் தூக்கிக் குடுத்துட்டியே. குழம்பாவது வச்சிருக்கலாம்."

பவளக்கொடி குளத்தில் இரையைத் தூவினாள்.

"புலம்பாதீங்க. அது வாயில இருந்த குஞ்சுங்க நேத்துலேர்ந்து ஊர்ல வீட்டுக்கு வீடு குடத்துல நீந்துதுங்க."