மத்தியானத்தில் வந்த லாரி

ஊருக்கு வெளியே ஒரு சரக்குக் கிடங்கு. அங்கிருந்த பேட்டரி லாரிகளுக்கு ஒரு வீறாப்பு உண்டு. பொழுது சாய்ந்த பிறகுதான் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பகலிலேயே போய்க் கேட்டால் இளப்பமாம்.

அன்று மஞ்சள் லாரிக்கு மத்தியானமே தெம்பு போய்விட்டது. முதுகில் பால் பாக்கெட்டுகள், போகவேண்டிய ஊரோ தூரம். நடுவழியில் நின்றால் அத்தனையும் கெட்டுவிடும். வேறு வழியில்லாமல் கூனிக்குறுகிக் கிடங்குக்கே திரும்பியது.

"கொஞ்சம் கிடைக்குமா? யாருக்கும் தெரிய வேண்டாம்," என்று கூரைமேல் இருந்த சோலார் தகட்டிடம் கேட்டது.

"அடப்பாவி, இப்பவாச்சும் வரத் தோணுச்சே," என்றது தகடு. "தினமும் உச்சி வெயில்ல வடிச்சுக் கொட்டிட்டு, சாப்பிட ஆளில்லாம உக்காந்திருக்கேன். எல்லாரும் பொழுது சாஞ்சு வந்து நிக்கிறீங்க. அப்ப என்கிட்ட என்ன இருக்கு? ஊர்க் கரண்டைத்தான் இழுக்கணும்."

மஞ்சள் லாரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வயிறு நிறைய ஏற்றிக்கொண்டது. இனி பால் தப்பித்துவிடும்.

கிளம்பும்போது பார்த்தால், வாசலில் நீல லாரி தயங்கி நின்றது.

"சும்மாதான். டயர்ல காத்து இருக்கான்னு பார்த்துட்டுப் போக வந்தேன்."

மஞ்சள் லாரி சார்ஜர் வயரை அதன் பக்கமாகத் தள்ளிவிட்டுப் புறப்பட்டது.