மேட்டு வீட்டுச் சம்பந்தம்

"மூணாவது தடவையா பட்டி பார்க்கிறேன் அச்சாயா. வெள்ளம் நின்ன கோடு மறைய மாட்டேங்குது," என்றான் பெயின்டர் ஷிபு, உப்புத்தாளால் சுவரைத் தேய்த்தபடி.

"எப்படியாவது மறைச்சிடுடா. நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றாங்க," என்றார் பௌலோஸ்.

மழைக்கு மழை வீட்டைப் பூட்டிக்கொண்டு முகாமுக்கு ஓடும் குட்டநாட்டுக் குடும்பம் அது. வருகிறவர்களோ மேட்டு வீட்டுக்காரர்கள். தண்ணீர் எட்டாத இடம் என்று தரகர் சத்தியமே செய்திருந்தார். மகள் ஜின்ஸியாவது மழைக்காலத்தில் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் பௌலோஸ் இந்த இடத்துக்கு ஆசைப்பட்டார்.

சாயங்காலம் ஷிபு கையைக் கழுவினான். "பெயின்ட் அடிச்சாச்சு. ஆனா உள்ள ஈரம் காயல. தொட்டா வெள்ளை ஒட்டும். யாரையும் கிட்ட விடாதீங்க."

மறுநாள் பையனின் அப்பா உதுப்பு, வந்ததும் வராததுமாக அந்தச் சுவரைத்தான் தடவினார். பிறகு உள்ளங்கையைப் பார்த்தார். பௌலோஸுக்கு உயிரே போய்விட்டது.

உதுப்பு கையைத் துடைத்துக்கொண்டார். "பெயின்டர் யாரு?"

"இங்க... ஷிபுன்னு ஒருத்தன்."

"நல்ல வேலைக்காரன். நம்பர் குடுங்க," என்றவர், சம்பந்தத்துக்கும் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு பௌலோஸும் மனைவி ஏலிக்குட்டியும் பையன் வீடு பார்க்கப் போனார்கள். கூடம் பளிச்சென்று இருந்தது.

"பார்த்தீங்களா? மேட்டு வீடுன்னா மேட்டு வீடுதான்," என்று ஏலிக்குட்டி பூரித்துப்போனாள்.

"வீடு பிடிச்சிருக்கா?" என்றார் உதுப்பு, பௌலோஸின் முகத்தைப் பார்க்காமல்.

பௌலோஸ் சுவரில் ஊன்றியிருந்த கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்க வெள்ளை. ஏலிக்குட்டி பார்ப்பதற்குள் விரல்களை மடக்கிக்கொண்டார்.

"பிடிச்சிருக்கு," என்றார்.