கலவையின் பதம்

பாதி பூசிய நான்காம் மாடிச் சுவரில் வெயில் சாய்ந்து கிடக்கிறது. வேலையாட்களிடம் கருத்துக் கேட்க வந்த கம்பெனிப் பெண் சிமெண்ட் மூட்டையில் உட்கார்ந்து படிவத்தைப் படிக்கிறாள். "கூட வேலை செய்யறவங்க மனசு உங்களுக்குப் புரியுமாண்ணே?" "புரியாமலா? சித்தாள் மூஞ்சியைப் பார்த்தே சொல்லிடுவேன்" என்று சிரிக்கிறார் கொத்தனார். சித்தாள் முதுகைக் காட்டிக் கலவையைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். பதினோரு வருடமாக அவர் பார்த்தது அவள் முகத்தையல்ல, தலையிலிருக்கும் சட்டியை. அவளுக்கோ அவருடைய கரண்டி சுவரில் படும் சத்தமே போதும். கோபமான நாளில் அழுத்தித் தேய்ப்பார், கலவை தளர்ந்திருக்க வேண்டும். சந்தோஷமென்றால் கை மிதக்கும், கெட்டியாக வேண்டும். "கொத்தனாரா ஏத்திவிடலாம்னு யாராவது இருக்காங்களா?" சித்தாளின் மண்வெட்டி நிற்கிறது. மதியத்தில் அவர் தூங்கும்போது படிக்கட்டுச் சுவர் முழுக்கப் பூசியவள் அவள். உன் பேரைச் சொல்றேன் என்று காலையில்கூடச் சொன்னார். "அப்படி யாரும் இல்லம்மா. இதுக்கெல்லாம் கைராசி வேணும்." பெண் சித்தாள் பக்கம் திரும்புகிறாள். "அக்கா, உங்களுக்கு வேலையில திருப்தியா?" படிவத்தில் வரைந்திருக்கும் முகங்களை எட்டிப் பார்த்து அதற்கும் அவரே முந்திக்கொள்கிறார். "அவளுக்கென்ன குறை? சிரிக்கிற மூஞ்சியில டிக் போடும்மா." பேனா காகிதத்தில் கீறுகிறது. அந்தப் பெண் படியிறங்கிப் போகிறாள்.

கொத்தனார் சீட்டியடித்தபடி கரண்டியை எடுக்கிறார். சத்தம் லேசாக விழுகிறது. சித்தாள் ஒரு குவளைத் தண்ணீரை முகந்து கலவைக்கு மேலே பிடித்தபடி நிற்கிறாள். ஊற்றினால் சுவரில் பூசுவது மொத்தமும் வழிந்துவிடும். நாளைக்கு அதைச் சுரண்டப் போகிறவளும் அவள்தான். தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, ஒரு கை சிமெண்டைத் தூவிக் கெட்டியாகப் பிசைகிறாள். "இன்னிக்குக் கலவை பிரமாதம்" என்கிறார் அவர், திரும்பாமலே.