காப்புக் கட்டிய கார்

சிவபாண்டி அண்ணன் சொன்ன இந்தச் சம்பவத்தைப் பல வருஷமாக நான் நம்பவில்லை. நம்பாததற்கு என்னிடம் ஒரு காரணமும் இருந்தது.

அவருக்கு ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வேலை. டியூ கட்டாதவர்களின் காரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். திருநகரில் கருத்தக்கண்ணனின் டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால், லோனில் வண்டி வாங்கிய ஒருவராவது டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார்.

"அப்பேர்ப்பட்ட ஆளு, ஒரு பொம்பளைகிட்ட காரை எடுக்க முடியாம வந்திருக்கீங்க?" என்று அவர் இதைச் சொன்ன அன்று கேட்டான் கருத்தக்கண்ணன்.

"காப்புக் கட்டியிருந்துச்சுடா."

"யாருக்கு?"

"காருக்கு."

கடையே சிரித்தது.

அவர் சொன்னது இதுதான்.

கொட்டாம்பட்டி பக்கம் ஒரு கிராமம். பாண்டீஸ்வரி என்ற பெண் லோன் போட்டுக் கார் வாங்கி, தினமும் டீச்சர்களை மதுரைக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் சொந்தமாக வேன் விட்டதும் ஓட்டம் நின்றது. கூடவே டியூவும் நின்றது. எச்சரித்துவிட்டு வர அண்ணன் போனபோது, வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"திங்கக்கிழமையிலிருந்து மேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டப்போறேன். அட்வான்ஸ் தாரேன்னிருக்காக. வாங்கிட்டு நேரா உங்க ஆபீசுக்குத்தான் வருவேன். வண்டியக் கொண்டுபோயிட்டா நான் எதை ஓட்டி எதைக் கட்ட?"

"நாளைக்கு மேனேஜரே வாராரு தாயி. என்கிட்டப் பேசிப் பிரயோசனமில்ல."

மறுநாள் காலையில் மேனேஜரோடு போய் இறங்கினால், காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு மஞ்சள் கயிறு. அதில் ஒரு விரலி மஞ்சள் கட்டித் தொங்கியது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டார்.

மேனேஜர் வெளியூர்க்காரர், வேலைக்கு வந்தே கொஞ்ச நாள்தான். "என்னங்க இது?" என்றார்.

"காப்பு சார். ஊர்த் திருவிழா, சாமி கும்பிடுக்குக் கட்டியிருக்காக. இதை அவுக்குற வரைக்கும் அந்த வீட்டுப் பொருளு வெளியாளு கைக்குப் போகக் கூடாது. மீறி எடுத்தா ஊரே வந்து மறிக்கும். அடுத்த செவ்வாக்கிழமை அவுத்துருவாக. வந்து எடுத்துக்கிருவோம்."

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். வாயில் வேப்பங்குச்சியோடு நின்ற நாலைந்து பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, போலாம்."

செவ்வாய்க்கிழமை வருவதற்குள் பாண்டீஸ்வரியே ஆபீசுக்கு வந்து நின்ற டியூவையெல்லாம் கட்டிவிட்டாளாம்.

"கதை நல்லாத்தாண்ணே இருக்கு," என்றான் கருத்தக்கண்ணன். "அந்தப் பொம்பளைகிட்ட எம்புட்டு வாங்குனீங்க?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. டீயை உறிஞ்சினார்.

அந்த மௌனம்தான் என் காரணம். வாங்காதவர் என்றால் கோபம் வந்திருக்க வேண்டாமா? தவிர, காருக்கு யாராவது காப்புக் கட்டுவார்களா? அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன். ஒரு சாட்சியும் இல்லாமல் ஒரு மனிதரை இப்படி எடைபோடலாமா என்று அவ்வப்போது தோன்றும். தோன்றியதே தவிர, எண்ணம் மாறவில்லை.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் கொட்டாம்பட்டி போயிருந்தேன். திரும்பும்போது வெகுநேரம் பஸ் வரவில்லை. ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண்.

"மேலூர் ஆஸ்பத்திரிக்கு ஆளக் கூப்பிடப் போறேன். ஏறுங்கண்ணே, அங்க எறங்கி பஸ் புடிச்சுக்கலாம்."

ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கில் வெளுத்துப்போன கயிறு ஒன்று கட்டியிருந்தது. அதில் சுருங்கிப்போன ஒரு மஞ்சள்.

"ஏம்மா, உன் பேரு பாண்டீஸ்வரியா?"

"ஆமாண்ணே. எப்படித் தெரியும்?"

"கேள்விப்பட்டேன். லோன் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு. காய்ச்சலோட கூட ஓட்டிருக்கேன். காலையில தக்காளிக் கூடை, பகல்ல நோயாளி, சாயங்காலம் பள்ளிக்கூடப் புள்ளைக. ஒரு தடவை என் வண்டியக் கேட்டு ஆள் வந்துட்டாக. இனி ஒருத்தனும் வரக் கூடாதுன்னு நெனச்சேன். வரல."

"உங்க ஊர்ல காருக்குக் கூடவா காப்புக் கட்டுவாங்க?"

அவள் சிரித்துவிட்டாள்.

"மனுசனுக்கே கட்டுறதில்லண்ணே. யாருக்கு மொத மரியாதைன்னு சண்டை வந்து, நான் கார் வாங்குறதுக்கு முந்தியே எங்க ஊர்ல சாமி கும்பிடு நின்னுபோச்சு. அன்னைக்கு விடிய எந்திரிச்சுப் பாக்கேன், கண்ணாடியில இது கட்டிக் கெடக்கு. ஊர்ல கேட்டா ஒருத்தரும் கட்டலங்கிறாக. கருப்பசாமிதான் எறங்கி வந்து கட்டிட்டுப் போயிருக்காரு. இல்லாட்டி அந்தக் கலெக்சன்காரரு அப்படி நடுங்குவாரா? செருப்பக் கழட்டிட்டுக் கும்பிட்டாருண்ணே!"

"அவருக்கு ஏதாச்சும் கொடுத்தியா?"

"டியூ கட்டப் போன அன்னைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆபீஸ்ல வாங்கக் கூடாதுன்னுட்டாரு."

மேலூரில் இறங்கி மதுரை பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனேன். ரிட்டயர் ஆன பிறகும் அண்ணன் அதே பெஞ்சில்தான் உட்கார்கிறார். இப்போது அவரைப் பார்த்து யாரும் எழுந்து போவதில்லை.

"என்ன தம்பி, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"அண்ணே, அந்தக் காப்புக் கயித்தை எந்தக் கடையில வாங்குனீங்க?"