கறுப்பு மஸ்டாங், சிவப்புக் கமாரோ

மக்டலினின் புருசன் சுஜீவன் ரொறன்ரோவில் வாங்கியதாகச் சொல்லி, அந்தக் காலத்துச் சிவப்புக் கமாரோ காரில் சாய்ந்து நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். பள்ளிமுனை ஊர் முழுக்க அதே கதைதான். பக்கத்து வீட்டு ஜெனிற்றாவுக்குச் சோறு இறங்கவில்லை.

“நீங்களும் அங்கதானே இருக்கிறியள்? அதைவிடத் திறமான கார் வாங்குங்கோ,” என்று தன் புருசன் றெனால்டைப் போனில் நச்சரித்தாள். ஒரு கிழமையில் கறுப்பு மஸ்டாங்கோடு அவனுடைய படம் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அதை மக்டலினிடம் நீட்டினாள்.

“எங்கடை மஸ்டாங்தான் முதல் வந்ததாம். அதோட போட்டி போடத்தான் உங்கடை கமாரோவைச் செய்தவங்களாம்.”

“பிந்தி வந்தாலும் கமாரோதான் வடிவு,” என்ற மக்டலின், குறை கண்டுபிடிக்கப் படத்தை விரலால் பெருப்பித்தாள். அவள் முகம் மாறியது.

மஸ்டாங்கின் பளபளத்த கதவில், படம் எடுத்தவன் தெரிந்தான். கார் கழுவுகிறவர்களின் நீல உடுப்பு, தோளில் ஈரத்துணி. அது சுஜீவன்.

ஜெனிற்றா அவசரமாக மக்டலினின் போனை வாங்கிக் கமாரோவின் கதவைப் பெருப்பித்தாள். அங்கே, அதே நீல உடுப்பில், போனைப் பிடித்தபடி றெனால்ட் சிரித்துக்கொண்டு நின்றான்.

“ரெண்டும் வடிவான கார்தான்,” என்றாள் மக்டலின் மெதுவாக.

“ஓம்,” என்றாள் ஜெனிற்றா.