நாலு விரல் கட்டை

சண்டையில் களவுபோன எங்கள் கோயில் அம்மாளாச்சியின் செப்புச் சிலையை வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று திருப்பி அனுப்பியிருந்தது. ஊரே மாலையோடு நின்றது. தையல்காரர் கதிரமலை மட்டும் அம்மாளாச்சியின் பழைய பட்டுப் பாவாடையோடு நின்றார். ஐந்து இடப்பெயர்விலும் மனைவியின் நகைப்பெட்டியை மறந்துவிட்டு இதைத்தான் தூக்கித் திரிந்தார். அந்த மனுசி இன்னும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சிலைக்கு உடுத்தத் திரைக்குள் போன பாவாடை போன வேகத்தில் குருக்களோடு திரும்பி வந்தது.

“நாலு விரல் கட்டை. பட்டுச் சுருங்கிப்போச்சு.”

“வெளிநாடு போய் வந்தவை ஆர் பழைய உடுப்புக்குள்ளை கொள்ளுறவை?” என்றாள் கூட்டத்தில் நின்ற பூமணி. எல்லோரும் சிரித்தோம்.

கதிரமலை சிரிக்காமல் பாவாடையில் அளவுநாடாவைப் பிடித்தார். அன்று தைத்த அதே அளவு; பட்டு ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை.

“இது எங்கடை ஆள் இல்லை, ஐயா.”

“மெதுவாக் கதையும்! தெரிஞ்சால் சிலையைத் திருப்பி ஏத்திப்போடுவாங்கள். பிறகு கோயில் வெறுமைதான். மடிப்பை இறக்கும்.”

மணி விடாமல் அடித்தது. கதிரமலை குந்தியிருந்து தையலைப் பிரித்தார். திரையிலிருந்து குருக்களின் கை அவசரப்பட்டு நீண்டது. இரண்டு விரல் அளவு பிரிந்ததும் கத்தரி நின்றது.

“ஐயா, இவவின்ரை பாவாடையோடை எந்த ஊரிலை ஆர் நிக்கினமோ?”